திட்டுங்கள், மிரட்டாதீர்கள்

வேங்கிக்காலிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் மாணவ மாணவியருக்கு,

தம்பிகளே, தங்கைகளே,

அறிவுரை சொல்ல வரவில்லை என்று தொடங்கும் கடிதத்தில் அறிவுரையைத் தவிர வேறெதுவும் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு ஒரே ஒரு விஷயத்தில் சண்டை போட வந்திருக்கிறேன். மற்றபடி நான் உங்கள் கட்சிதான். வாத்தியார்களைப் பற்றி நீங்கள் இன்ஸ்டாகிராமில் போடும் மீம்களை என் பேத்தி காட்டுகிறாள், நானும் பார்க்கிறேன். சில நன்றாகவே இருக்கின்றன. "இது ரொம்ப ஈஸி சம்" என்று சொல்லிவிட்டுப் போர்டு பக்கம் திரும்பும் கணக்கு டீச்சரை யாரோ வரைந்திருந்தார்கள். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது.

சண்டை எதைப் பற்றி என்றால், "சம்பவம் பண்ணிடுவோம்", "கேட்டைத் தாண்டி வெளிய வா, பாத்துக்கலாம்" என்ற வகைப் பதிவுகளைப் பற்றி. ஆசிரியரின் படம், பின்னணியில் ஒரு சினிமா பாட்டு, பக்கத்தில் அரிவாள் எமோஜி, கீழே வரிசையாக நெருப்பு. ஒரு நாளில் ஸ்டோரி தானாக மறைந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் நம்ம பையன்தான், ஆகவே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

2022 ஏப்ரலில் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், ஆம்பூரை அடுத்த மாதனூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்ததை உங்கள் அண்ணன்மார் போனில் பார்த்திருப்பார்கள். ரெக்கார்டு நோட்டைக் கேட்ட ஆசிரியரை ஒரு மாணவன் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு, கையை ஓங்கியபடி போகிறான். வகுப்பில் இருந்த யாரோ அதைப் படம் பிடிக்கிறார்கள். வீடியோ பரவியது, மூன்று மாணவர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, ஆசிரியர்களிடம் தவறாக நடப்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு ரெக்கார்டு நோட்டில் தொடங்கியது சட்டமன்றம் வரை போய்விட்டது. போன் இல்லாத காலமாக இருந்தால் தலைமையாசிரியர் அறையில் அப்பா அம்மா முன்னால் அழுது, மன்னிப்புக் கேட்டு முடிந்திருக்கும். முன்பெல்லாம் வாத்தியாரைத் திட்டாதவர்கள் இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறைச் சுவரில் கரியால் எழுதினார்கள். சுண்ணாம்பு அடித்ததும் போய்விட்டது.

முதலில் உங்கள் பக்கத்தைப் பேசிவிடுகிறேன். பெரியவர்கள் இதை உங்களிடம் சொல்வதே இல்லை. ஆசிரியரைக் கேலி செய்வது குற்றமில்லை. அவர் நடத்துவது புரியவில்லை என்று ஊரறிய எழுதுவது குற்றமில்லை. பள்ளிக் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது என்று படம் எடுத்துப் போட்டால், என்னைக் கேட்டால், அது ஊருக்குச் செய்யும் வேலை. பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் என்றுதான் சொல்கிறது, பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு என்று சொல்லவில்லை. அந்த உரிமைக்கு அரசு எல்லை போடலாம். ஆனால் 19(2)-ல் எழுதியிருக்கும் காரணங்களுக்காக மட்டும். பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று எட்டு காரணங்கள் அங்கே இருக்கின்றன. "வாத்தியார் மனசு புண்பட்டது" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இது சும்மா கிடைத்துவிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இணையத்தில் நீங்கள் அனுப்பியது யாருக்காவது எரிச்சலையோ அசௌகரியத்தையோ தந்தால் மூன்று வருஷம் வரை உள்ளே வைக்கலாம். எரிச்சலுக்கு அளவுகோல் என்ன? போலீஸ் ஸ்டேஷனில் அன்றைக்கு யார் செல்வாக்கோ அதுதான் அளவுகோல். 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். முதல்வர் மம்தா பானர்ஜியைப் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியதுதான் அவர் செய்தது. அதே வருஷம் அக்டோபரில் இங்கே பக்கத்தில், புதுச்சேரியில், கார்த்தி சிதம்பரத்தின் சொத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒருவரை வீட்டுக்கே வந்து அழைத்துப் போனார்கள். நவம்பரில் மும்பையை அடுத்த பால்கரில் இரண்டு இளம்பெண்கள். பால் தாக்கரே இறந்ததற்கு நகரமே ஏன் அடைக்க வேண்டும் என்று ஒருத்தி ஃபேஸ்புக்கில் கேட்டாள்; இன்னொருத்தி அதற்கு லைக் போட்டாள். லைக் போட்டவளும் கைது.

அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24-ல் நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹிண்டன் நாரிமனும் 66ஏ-யை அடியோடு ரத்து செய்தார்கள். நாரிமன் எழுதிய அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு உபயோகமான ஒரு பகுதி இருக்கிறது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, ஒன்றைச் செய்யும்படி தூண்டிவிடுவது என்று பேச்சை அது பிரித்துப் பார்க்கிறது. முதல் இரண்டும் கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும் அரசு கை வைக்க முடியாது. மூன்றாவதைத் தொடும்போதுதான் எல்லை வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் மகாபாத்ராவின் வழக்கு தீர 2023 ஜனவரி ஆகிவிட்டது. வாத்தியார்மார்களும் இதை மறக்கக் கூடாது. மாணவன் போட்ட மீமுக்கு போலீஸைக் கூப்பிடும் ஆசிரியர், தன் சக ஆசிரியர் ஒருவரைப் பத்து வருஷத்துக்கு மேல் கோர்ட்டுக்கு அலையவைத்த அதே ஆயுதத்தைத்தான் தேடுகிறார்.

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு வருகைப்பதிவு போதாது, தேர்வெழுத விட முடியாது என்று சொல்லியிருக்கிறார். இரவு பத்து மணிக்குப் பெயர் தெரியாத கணக்கிலிருந்து அவருடைய ஸ்கூட்டியின் படம் வருகிறது, நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும்படி. கூடவே ஒரு வரி: "மிஸ், அவலூர்பேட்டை ரோட்டுல லைட்டு எரியல, பாத்துப் போங்க." இதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? இல்லை. அரிவாள் எமோஜி கூடக் கிடையாது. மரியாதையாக 'மிஸ்' என்று வேறு இருக்கிறது. ஆனால் மறுநாள் அவர் அந்த வருகைப்பதிவைத் திருத்திக் கொடுத்துவிடுவார். அல்லது கொடுக்காமல், கணவரையோ தம்பியையோ துணைக்கு வரச் சொல்லிவிட்டுப் பயந்துகொண்டே வண்டி ஓட்டுவார். இந்தப் பயத்தைத்தான் சட்டம் குற்றமிரட்டல் என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவருக்கு அச்சம் உண்டாக்கவோ, சட்டப்படி அவர் செய்ய வேண்டாததைச் செய்யவைக்கவோ, செய்யலாம் என்று இருப்பதைச் செய்யவிடாமல் தடுக்கவோ கெடுதல் செய்வதாகப் பயமுறுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை. கொல்வேன், கை கால் எடுப்பேன் என்றால் ஏழு வருஷம் வரை. பெயரை மறைத்து அனுப்பினால் அதற்காகத் தனியே இரண்டு வருஷம் வரை கூடுதல். ஃபேக் ஐடி பாதுகாப்பு என்று நினைக்கிறீர்களே, சட்டத்தின் பார்வையில் அதுதான் குற்றத்தைக் கனமாக்குகிறது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். "நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட், யாராவது சாரைக் கடத்திட்டுப் போங்கடா" என்று நாலு பேர் வாட்ஸப் குழுவில் எழுதுவது மிரட்டல் இல்லை, புலம்பல். அதைத் தூக்கிக்கொண்டு எஸ்.பி. ஆபீஸ் ஓடும் ஆசிரியரிடம் நான் உங்கள் சார்பில் பேசுவேன். யாரைக் குறிவைத்தது, அவர் கண்ணில் படும்படி போட்டதா, நடத்திக் காட்டும் அறிகுறி இருக்கிறதா, இவற்றையெல்லாம் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

"விளையாட்டுக்குத்தான் போட்டேன்" என்பீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தில் வீட்ஸ்போர்ட் என்ற சிறிய ஊர். 2001-ல் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் சாட் கணக்கின் அடையாளப் படமாக ஒன்றை வைத்தான்: ஒரு தலை, அதைச் சுடும் துப்பாக்கி, ஆங்கில வாத்தியாரைக் கொல்லச் சொல்லும் வார்த்தைகள். பள்ளியில் வைத்து வரையவில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரில். பார்த்தது நண்பர்கள் பதினைந்து பேர், மூன்று வாரம். போலீஸ் விசாரித்தது, மனநல நிபுணரும் பேசிப் பார்த்தார். இருவருமே பையன் வேடிக்கைக்குத்தான் செய்தான் என்றார்கள். ஆனால் படம் எப்படியோ அந்த ஆசிரியர் கைக்கு வந்துவிட்டது. அவரால் அந்த வகுப்பில் நிற்க முடியவில்லை. வேறு ஆள் போட்டார்கள். பையன் ஒரு பருவம் முழுக்க நீக்கப்பட்டான். 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளி செய்ததில் தப்பில்லை என்றது. அமெரிக்காவில் பேச்சுரிமைக்கு இருக்கும் செல்வாக்கு உங்களுக்குத் தெரியும். அங்கேயே இந்த நிலை. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கவுன்டர்மேன் வழக்கில் ஒரு படி கறாராகவே கேட்டது. மிரட்டல் என்று தண்டிப்பதானால், பெறுபவருக்கு அது மிரட்டலாகப் படக்கூடும் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் அனுப்பியிருக்க வேண்டும். அதாவது அசட்டையாக அனுப்பினாலும் போதும், கொல்லும் எண்ணம் வேண்டியதில்லை.

சட்டம் இருக்கட்டும். ஏழு வருஷம் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்தினால் நானும் நீங்கள் செய்வதைத்தான் செய்கிறேன். என் சண்டைக்கான காரணம் வேறு.

உங்களில் சிலருக்கு ஆசிரியர் ஒருவர் மேல் நியாயமான குறை இருக்கும். அடித்திருப்பார். சாதியைச் சொல்லியிருப்பார். மாணவியிடம் பேசக் கூடாததைப் பேசியிருப்பார். 2021 மே மாதம் சென்னை கே.கே. நகரில் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கொரோனா காலம், ஆன்லைன் வகுப்பு. ஓர் ஆசிரியர் நடந்துகொண்ட விதம் பற்றி மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சொன்னவை இன்ஸ்டாகிராமில் வெளியாயின. என்ன நடந்தது, அவர் என்ன அனுப்பினார், ஸ்கிரீன்ஷாட் இதோ. ஒருத்தி சொன்னதும் இன்னொருத்தி சொன்னாள். சில நாளில் அவர் போக்சோ சட்டத்தில் கைதானார், பள்ளி நிர்வாகத்தை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளின் பழைய மாணவிகளும் வாய் திறந்தார்கள். அந்தப் பதிவுகளில் ஒன்றுகூட "உன்னைச் செஞ்சிடுவோம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பள்ளியின் வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் போயிருப்பார். விசாரணை ஆசிரியரை விட்டுவிட்டு மாணவியைப் பிடித்திருக்கும்.

நான் ஊகித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் இட்டவாம்பா என்ற இடத்தில் 2011 ஜனவரியில் இதுவேதான் நடந்தது. டெய்லர் பெல் என்ற கறுப்பின மாணவன், பள்ளிக் கடைசி வருஷம். தன் பள்ளியின் இரண்டு விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மாணவிகளிடம் தவறாக நடக்கிறார்கள் என்று ஒரு ராப் பாட்டு எழுதி, ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் போட்டான். மாணவிகள் சிலர் எழுத்துமூலமாகச் சாட்சியும் கொடுத்தார்கள். ஆனால் பாட்டுக்கு நடுவே துப்பாக்கி பற்றிய வரிகளும் இருந்தன. ராப் பாட்டென்றால் அப்படித்தான், அது அந்தக் கலையின் பேச்சுமுறை என்று பெரிய ராப் பாடகர்களே அவனுக்காக உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். எடுபடவில்லை. பள்ளி அவனைத் தற்காலிகமாக நீக்கி மாற்றுப் பள்ளிக்கு அனுப்பியது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து பள்ளிக்கே சாதகமாகச் சொன்னது. 2016-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஐந்து வருஷம் கோர்ட்டில் பேசியதெல்லாம் துப்பாக்கி வரிகளைப் பற்றி. பயிற்சியாளர்கள் அந்தப் பெண்களிடம் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இடமே கிடைக்கவில்லை. பெல் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த நியாயத்தை அவனுடைய நாலு வரிகளே தின்றுவிட்டன.

நாங்குநேரியை யோசியுங்கள். 2023 ஆகஸ்டில் அங்கே பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவன் சக மாணவர்களின் கொடுமையைப் பள்ளியில் சொன்னான். சொன்னதற்காக வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அரசு அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் வகுப்புக்குக் கொண்டுவரும் செல்போன் வரை எல்லாவற்றையும் பேசியது. மிரட்டல் பழகிப்போன பள்ளியில் முதலில் வாயடைத்துப் போகிறவர் ஆசிரியர் இல்லை. அவருக்குச் சங்கம் இருக்கிறது, மாறுதல் இருக்கிறது. புகார் சொல்ல நினைக்கும் சின்னப் பையனுக்கும் சின்னப் பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. வாத்தியாரையே மிரட்டுகிறவன் நம்மை என்ன செய்வான் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆசிரியர் வாயும் அடைபடும்தான். பெருமாள்முருகனை எழுத்தாளராகத் தெரிந்திருக்கும் உங்களுக்கு. அவர் அப்போது நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு நான்கு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள், போனில் மிரட்டினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். கலெக்டர் ஆபீஸில் அமைதிக் கூட்டம் என்று உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 2015 ஜனவரியில் அவர் தன் ஃபேஸ்புக்கில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், இனி வெறும் ஆசிரியன் மட்டும்தான் இருப்பான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்புச் சொல்லும்வரை அவர் எழுத்தாளராகத் திரும்பவில்லை. (மாதொருபாகன் நமக்கு அந்நியமா? மகாதீபத்தன்று மலையில் தீபம் ஏறும் வேளையில் சில நிமிஷமே வெளியே வரும் அர்த்தநாரீஸ்வரரைப் பார்க்க இந்த ஊரே கழுத்தை எக்கிக்கொண்டு நிற்கிறது.) பெருமாள்முருகனை மிரட்டியவர்களும் எங்கள் மனம் புண்பட்டது, அதைச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லையா என்றுதான் கேட்டார்கள். இருந்தது. நாவல் மட்டம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கலாம். அதற்கு யாரும் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

நான் போடவில்லை, ஷேர்தான் பண்ணினேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் யாரோ எழுதிய பதிவை நடிகர் எஸ்.வி. சேகர் தன் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்புக் கேட்டார். வழக்கு போகவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் ரத்து செய்ய மறுத்தது. 2024-ல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. உங்கள் ஃபார்வர்டுக்கு அவருக்கு இருந்த அளவு வக்கீல்கள் வருவார்களா என்று மட்டும் யோசியுங்கள்.

உங்களிடம் இவ்வளவு பேசிவிட்டு எங்கள் ஆட்களை விட்டுவிட்டால் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள். 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் ஆனக்கரை அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவன் ஒருவனின் போனைப் பிடுங்கிவைத்தார்கள். முதல்வர் அறைக்கு வந்து கேட்டான், கொடுக்கவில்லை, வெளியே வந்தால் தீர்த்துவிடுவேன் என்று முதல்வர் முகத்துக்கு நேராகச் சொன்னான். சொன்னது தப்பு. ஆனால் அறையில் இருந்த பெரியவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த வீடியோ முகத்தோடு நாடெங்கும் போனது. பையன் வருந்தினான், அங்கேயே படிக்க விடுங்கள் என்று கேட்டான். வீடியோ எப்படி வெளியே போனது என்று விசாரிக்கச் சொன்னார் கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி. சரியான கேள்வி. குற்றம் சாட்டப்பட்ட சிறுவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. வகுப்பில் போனைப் பிடுங்குகிற நாங்கள், எங்கள் போனில் உங்கள் முகத்தைப் பிடித்து ஆசிரியர் குழுவில் போடுகிறோம். மாணவன் ஸ்டோரி போட்டால் ஒழுங்கீனம், வாத்தியார் போட்டால் விழிப்புணர்வா?

மாதனூருக்குப் பிறகு அமைச்சர் சொன்னதிலும் எனக்கு உடன்பாடில்லை. பதினாறு வயதில் ஓங்கிய கையை மாற்றுச் சான்றிதழில் எழுதி அனுப்பினால் அது அவனோடு கல்லூரி வாசல்வரை, வேலைக்குப் போகும் இடம்வரை நடக்கும். சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு, சிறுவயதில் குற்றம் செய்ததாகவே நிரூபணமானாலும் பிற்பாடு அதைக் காட்டி அவர்களைத் தகுதியிழக்கச் செய்யக் கூடாது என்று சொல்கிறது. கோர்ட்டே அழிக்கச் சொல்லும் கறையைப் பள்ளிக்கூடம் மையால் எழுதி வைப்பதா? நம் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை யாரையும் வெளியேற்ற விடுவதில்லை; அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் அதே சட்டம் 17-வது பிரிவில் தடை செய்திருக்கிறது. இந்த 17-ஐ எத்தனை ஆசிரியர் அறைகளில் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். "எருமைமாடு", "உங்கப்பன் ஆட்டோ ஓட்டறான், நீயும் அதையே ஓட்டு" என்று வகுப்பில் அறுபது பேர் முன்னால் சொல்வதும் ஒரு நேரடி ஒளிபரப்புதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் கிடையாது. மாணவனை அப்படிப் பேசிவிட்டு மாணவன் தன்னைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆசிரியருக்காக நான் இந்தக் கடிதத்தில் வாதாடவில்லை.

மிரட்டினால் அதற்குக் கணக்குத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. பதினெட்டு ஆகாதவரை லாக்கப்பில் வைக்க முடியாது. கொடுங்குற்றம் இல்லையென்றால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடாமலேயே சிறார் நீதிக் குழுமத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. குழுமம் பையனைக் கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். பதினெட்டு முடிந்த கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் குடை இல்லை, அதை நினைவில் வையுங்கள். மிரட்டப்பட்ட ஆசிரியருக்கும் சொல்கிறேன்: பதிலுக்கு வாட்ஸப்பில் வீரம் காட்டாமல், லிங்க்கோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்.

சரி, குறையை எங்கே சொல்வது? நம் ஊருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. வேங்கிக்கால் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ்தான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். செங்கத்திலிருந்து வரும் கிழவி தாசில்தார் மேல் புகார் சொல்கிறாள், ஊராட்சித் தலைவர் மேல் சொல்கிறாள், தன் சொந்த மகன் மேல்கூடச் சொல்கிறாள். கீழே பெயர், ஊர், கைநாட்டு. தாசில்தாரை வெட்டுவேன் என்று அவள் எழுதுவதில்லை. மனம் வெறுத்துப் போனவர்கள் தங்கள் மேலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வதுண்டு, அதனால் வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களைவிட உங்களுக்கு வாத்தியார் மேல் அதிகக் கோபம் இருக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன்.

பெயரைச் சொல்ல முடியாத நிலைமையும் உண்டு, எனக்குத் தெரியும். ஆசிரியர் கையில் உங்கள் செய்முறை மதிப்பெண் இருக்கிறது. அப்படிப்பட்ட புகாரைக் கல்வி உதவி எண் 14417-க்குச் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். பெயரை மறைப்பது தப்பே இல்லை. மறைந்துகொண்டு மிரட்டுவதுதான் தப்பு. புகாரில் தேதி இருக்கட்டும், இடம் இருக்கட்டும், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், பார்த்தவர்கள் யார் என்று எழுதுங்கள். உரிச்சொல் வேண்டாம். கணக்கில் வழிமுறைக்கு மதிப்பெண் கொடுப்போமே, அப்படி.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி வைத்தார்கள். உங்கள் பள்ளியில் அது இருக்கிறதா, இருந்தால் கடைசியாக எப்போது திறந்தார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். சாவி, புகார் யார் மேல் வரக்கூடுமோ அவரிடமே இருந்தால், ஒரு வெள்ளைத் தாளில் அதைப் பற்றி மட்டும் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒரு திங்கட்கிழமை வரிசையில் உங்களோடு நானும் நிற்கிறேன். காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், பிறகு கூட்டம் சேர்ந்துவிடும். ஸ்கூல் லீவு லெட்டரை நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கணக்கு டீச்சர்